அளந்து வெட்டிய குழாய்கள்

கேப்டன் கார் ஓட்டக் கூடாதவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு இது தெரியவந்தபோது ரொம்பத் தாமதமாகிவிட்டது, உங்களுக்காவது முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும். பேசிக்கொண்டே இருப்பார், திடீரென்று நினைவு போய்விடும். விழ மாட்டார், கத்த மாட்டார். கண் திறந்தபடி இருக்கும், ஆள் மட்டும் உள்ளே இருக்க மாட்டார். அரை நிமிடமோ ஒரு நிமிடமோ கழித்துத் திரும்பி வருவார். போய் வந்ததே அவருக்குத் தெரியாது. அவருடைய மனைவிக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியும். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் காரில் எந்தக் குழாய் எங்கே போகிறது என்பது மட்டும்தான்.

நான் பழைய கார்களுக்குக் கார்புரேட்டர் வேலை பார்க்கிறவள். தகரக் கூரை போட்ட ஷெட்டில் முன் பாதி என்னுடையது, பின் பாதியில் என் வீட்டுக்காரர் பெயிண்ட் அடிப்பார். வருகிறவர்கள் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, "மெக்கானிக் இல்லியாம்மா?" என்று கேட்பார்கள். "வந்துருவாரு, நீங்க பானட்டைத் திறங்க" என்பேன். வேலையை முடித்து, எஞ்சினை ஓடவிட்டுக் காட்டிய பிறகும் ஒருவர், "இருந்தாலும் அவரு வந்து ஒரு தடவை பாத்துட்டா நல்லது" என்றார். இருபத்திரண்டு வருடமாக இதைக் கேட்டுக் கேட்டுத் தோல் தடித்துவிட்டது என்று நினைத்திருந்தேன். தடிக்கவில்லை. என் வேலையை யாராவது குறை சொன்னால் எனக்கு உச்சந்தலை வரை ஏறும். நடந்த அத்தனைக்கும் அந்தக் கோபம்தான் காரணம் என்று என் வீட்டுக்காரர் வாய்விட்டுச் சொல்வதில்லை, மனதில் வைத்திருக்கிறார்.

துறைமுகத்துக்கு வரும் கப்பல்களைக் கரையில் இடிக்காமல் கொண்டுவந்து நிறுத்துவது கேப்டனின் வேலையாக இருந்தது. ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகியிருந்தது. எழுபதை நெருங்கியும் முதுகு வளையாத ஆள். வாழ்நாள் முழுக்க மேலே நின்று உத்தரவு போட்டவர், எஞ்சின் அறைக்குள் இறங்கியவரில்லை. கார் பானட்டைத் திறந்தாலும் இரண்டடி தள்ளி நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "என்ன கோளாறுன்னு ஒரு வரியில சொல்லு" என்பார். கரும்பச்சைக் கார். என்னைவிட இரண்டு வயதுதான் இளையது, ஆனால் என்னைவிட நன்றாகப் பராமரிக்கப்பட்டது. உள்ளே இருக்கிற எஞ்சினைத் தவிர.

முதல் தடவை அவர் வீட்டுக் கொட்டகைக்குப் போனபோது எஞ்சின் குளிர்காய்ச்சல்காரன் மாதிரி நடுங்கிக்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் பார்த்தவர்கள் ஆளாளுக்குக் கைவரிசையைக் காட்டியிருந்தார்கள். ஒரு குழாய்க்குப் பதில் சைக்கிள் டியூப். இன்னொன்றின் வாயில் ஸ்க்ரூவைச் சொருகி அடைத்திருந்தார்கள். மூன்றாவது எங்கேயிருந்து கிளம்பியதோ சுற்றி வளைத்து அங்கேயே திரும்பி வந்து சேர்ந்தது. அதைப் போட்ட புண்ணியவான் என்ன நினைத்துப் போட்டான் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

எஞ்சின் ஓடும்போது மூச்சை உள்ளே இழுக்கும். அந்த இழுப்பைக் கார்புரேட்டரிலிருந்து ரப்பர் குழாய்கள் வழியாக எடுத்து, பிரேக்குக்குப் பலம் கொடுக்க, தீப்பொறி விழும் நேரத்தை மாற்ற, உள்ளே சேரும் எண்ணெய்ப் புகையை உறிஞ்ச என்று ஆளுக்கொரு வேலைக்கு அனுப்புவார்கள். வேக்கம் ஹோஸ் என்போம். ஒன்று தடம் மாறினாலும் எஞ்சின் வேண்டாத இடத்தில் காற்றை விழுங்கும். அன்று முழுக்க அத்தனை ஹோஸையும் பிடுங்கிப் போட்டுவிட்டு, புதிதாக வாங்கி, ஒவ்வொன்றாகத் தடம் பார்த்து மாட்டினேன்.

டீ கொண்டுவந்த கேப்டனின் மனைவி, காலி டம்ளரை வாங்கிக்கொண்டு போகாமல் பக்கத்திலேயே நின்றுவிட்டார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவர் என்று அப்போதுதான் தெரிந்தது.

"முப்பது வருஷம் ஒயரை ஓட்டையில சொருகிச் சொருகி எடுத்தவ நான். எதை எங்க சொருகினா யாரு யாரோட பேசுவாங்கன்னு கண்ண மூடிட்டுச் சொல்லுவேன். இதுவும் அப்படித்தானா?"

"அப்படியேதான் மேடம்."

"மேடம் எல்லாம் வேண்டாம். அக்கான்னு கூப்பிடு."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என் வேலையை இவ்வளவு ஆசையாக யாரும் நின்று பார்த்ததில்லை. என் வீட்டுக்காரரே பார்த்ததில்லை, அவருக்குக் கதவும் மட்கார்டும்தான் கார்.

"மாத்திச் சொருகினா என்ன ஆகும்?" என்று கேட்டார் அக்கா.

கேட்டதுதான் தாமதம், செய்தே காட்டினேன். எஞ்சினின் மேல்மூடியிலிருந்து இரண்டு ஹோஸ்கள் கிளம்பும். ஒன்று காற்றை அளவாக விடும் வால்விலிருந்து கார்புரேட்டரின் அடிப்பக்கத்துக்கு, இன்னொன்று திறந்த வாயிலிருந்து காற்றை வடிகட்டும் ஏர் கிளீனருக்கு. இரண்டும் ஒரே தடிமன், ஒரே நிறம். கிளிப்பைத் தளர்த்தி, இரண்டின் முனைகளையும் இடம் மாற்றி மாட்டினேன். ஸ்டார்ட் செய்து, ஆக்சிலேட்டரை அழுத்திப் பிடித்தேன், இருமிக்கொண்டே ஓடியது. விட்டேன், உடனே நின்றது.

"பாத்தீங்களா அக்கா? காலை எடுத்தா செத்துரும். வாசலைத் தாண்டாது."

"வேற எதுவும் கெட்டுடாதே?"

"ஒண்ணும் ஆகாது. திருப்பி மாட்டினா பழையபடி ஓடும்."

நல்ல கேள்வி கேட்கிறாரே என்று நினைத்தேன். எந்த மெக்கானிக்கும் வாடிக்கையாளர் வீட்டில் இந்த வித்தையைக் காட்ட மாட்டான். நான் காட்டினேன், அதுவும் இரண்டு தடவை.

மூன்றாம் நாள் காலையில் கேப்டன் போன் செய்தார். "மெக்கானிக்கம்மா, உன் வேலை வாசல்லயே படுத்துருச்சு." ஓடிப்போய்ப் பார்த்தேன். அந்த இரண்டு ஹோஸும் இடம் மாறியிருந்தன. காட்டுகிறேன் பேர்வழி என்று மாற்றிப் போட்டுவிட்டு, பேச்சு சுவாரசியத்தில் அப்படியே விட்டுவிட்டேனோ? மன்னிப்புக் கேட்டுச் சரிசெய்தேன். இந்தத் தடவை ஹோஸிலும் அது சேர வேண்டிய வாயிலும் ஒரே நிறத்தில் பெயிண்ட் புள்ளி வைத்தேன். மஞ்சளுக்கு மஞ்சள், வெள்ளைக்கு வெள்ளை.

பத்து நாள் கழித்து மறுபடியும் போன். போய்ப் பார்த்தால் மஞ்சள் புள்ளி வெள்ளையில் உட்கார்ந்திருக்கிறது. கேப்டன் கொட்டகையில் தினமும் ஓடவிட்டுப் பார்த்திருக்கிறார், நன்றாக ஓடியிருக்கிறது. வெளியே கிளம்பும் நாளில் மட்டும் நின்றிருக்கிறது.

"சார், யாரோ நோண்டுறாங்க. இந்தப் புள்ளியைப் பாருங்க."

"யாரும்மா இருக்கா இங்க? நானும் என் பொண்டாட்டியும்தான். நான் இதுக்குள்ள கைய விட்டதே இல்ல. பேய் வந்து மாத்துதா?"

"எலியா இருக்கும்" என்றார் அக்கா, கொட்டகை வாசலில் நின்றபடி.

எலி கிளிப்பைத் திருகித் திறக்காது. கேப்டன்தான் மறதியில் எதையோ செய்துவிட்டு வீம்புக்கு மறுக்கிறார் என்று முடிவு கட்டினேன். அக்காவை நினைக்கவே தோன்றவில்லை. எனக்கு டீ போட்டுத் தருகிற, என் வேலையை மெச்சுகிற ஒருவரை நான் எப்படிச் சந்தேகப்படுவேன்?

மூன்றாவது தடவைதான் மானம் போனது. பழைய கார் வைத்திருக்கிறவர்கள் ஒரு சங்கம் நடத்துகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வரிசையாகக் கார்களை ஓட்டிக்கொண்டு போய் எங்கேயாவது நிறுத்தி, ஒருவர் காரை இன்னொருவர் பாராட்டிவிட்டு வருவார்கள். அவர்களில் ஆறு பேர் கேப்டனை அழைத்துப்போக வந்திருந்தார்கள். கரும்பச்சைக் கார் வாசல் வரை வந்து, இருமி, நின்றுவிட்டது. கேப்டன் என்னை வரவழைத்தார். அத்தனை பேர் முன்னாலும் பானட்டைத் திறக்கச் சொன்னார். மஞ்சள் புள்ளி வெள்ளையில்.

"பொம்பளை கையில குடுத்தது என் தப்பு" என்றார் கேப்டன். கத்தவில்லை, கப்பலில் உத்தரவு போடுகிற நிதானமான குரல். "சமையல்ல உப்பு மறந்தா சமாளிச்சுக்கலாம். இதுல முடியுமா?"

ஆறு பேரும் சிரித்தார்கள். அதில் இரண்டு பேரின் கார்கள் அப்போது என் ஷெட்டில் இருந்தன. அந்த வாரமே இரண்டும் வேறு இடத்துக்குப் போய்விட்டன. அன்று அக்கா கையில் டீ தட்டோடு நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டார். தட்டிலேயே கண்ணை வைத்துக்கொண்டிருந்தார். என்மேல் இரக்கப்படுகிறார் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து பாத்திரங்களை உருட்டினேன். "விடு, வயசானவரு" என்றார் என் வீட்டுக்காரர். "வயசானா வாய் எதுக்கு?" என்றேன். பேசாமல் இருப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

மறுநாள் நானாகவே கேப்டன் வீட்டுக்குப் போனேன். "சார், ஒரே ஒரு நாள் குடுங்க. இதுக்கு மேல நின்னா என் ஷெட்டையே மூடிடறேன்" என்றேன். அவர் புருவத்தைத் தூக்கினார், சரி என்றார்.

அன்று நான் செய்ததுதான் என் வாழ்நாளிலேயே சிறந்த வேலை. ஒவ்வொரு ஹோஸும் எந்த வழியாகப் போகும், எங்கே வளையும் என்று நூல் வைத்து அளந்தேன். அந்த அளவுக்கு ஒரு விரற்கடைகூட மிச்சமில்லாமல் வெட்டினேன். ஏர் கிளீனருக்குப் போகிற ஹோஸைக் கார்புரேட்டரின் அடிக்கு இழுத்தால் எட்டாது. அடிக்குப் போகிறதை மேலே தூக்கினால் எட்டாது. ஒவ்வொன்றும் தன் வாயைத் தவிர வேறு எங்கேயும் சேர முடியாது. பிறகு திருகு வைத்த கிளிப்புகளைக் கடாசிவிட்டு, ஒரு தடவை நெரித்தால் வெட்டித்தான் எடுக்க முடியும் என்கிற வகைக் கிளிப்புகளைப் போட்டு, ஒவ்வொன்றாக நெரித்தேன். பிரேக்குக்குப் போகிற தடித்த ஹோஸைக்கூட விடவில்லை.

எஞ்சினை ஓடவிட்டேன். ஏர் கிளீனர் மூடிமேல் டம்ளர் நிறையத் தண்ணீர் வைத்தேன். தண்ணீர் சிந்தவில்லை.

அக்கா வந்து பார்த்தார். "இனிமே மாத்தவே முடியாதா?"

"மாத்தணும்னா கட்டர் வச்சு வெட்டணும் அக்கா. வெட்டினா நீளம் குறைஞ்சுடும், அப்புறம் அதோட வாய்க்கே அது எட்டாது. பேயே வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது."

"கெட்டிக்காரிதான்" என்றார். குரல் இறங்கியிருந்தது. நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை மதியம் அக்கா என் ஷெட்டுக்கு வந்தார். பஸ்ஸில் வந்து, வெயிலில் நடந்து, முகமெல்லாம் வேர்த்திருந்தது. ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன். உட்கார்ந்ததும் கேட்டார்.

"அந்தக் கார் ஓடாம இருக்க வேற என்ன பண்ணணும்? உள்ள எதையும் கெடுக்காம, சும்மா ஓடாம இருக்கணும். சொல்லிக் குடு."

எனக்கு ஒரு நொடி எதுவும் புரியவில்லை. அப்புறம் எல்லாம் ஒரேயடியாகப் புரிந்தது. கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தேன்.

"நீங்கதானா?"

அவர் தலையாட்டினார். பிறகு சொன்னார். எட்டு மாதமாகக் கேப்டனுக்கு நினைவு தப்பி வருகிறது. மாதத்துக்கு ஒன்றாக இருந்தது வாரத்துக்கு ஒன்றாகிவிட்டது. டாக்டர் ஸ்டீயரிங் பக்கமே விடக் கூடாது என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறார். டாக்டர் எழுதிய மாத்திரைகளை அக்கா சத்து மாத்திரை என்று கேப்டனுக்குக் கொடுத்து வருகிறார். கார் கெட்டுக் கிடந்தவரை கவலையில்லை. அதை ஓட வைத்தது நான்.

"சாவியை ஒளிச்சு வச்சேன், தேடி எடுத்துட்டாரு. பேட்டரி ஒயரைக் கழட்டினேன், அது அவருக்கே தெரியும், மாட்டிட்டாரு. டயர்ல காத்தை இறக்கினேன், பக்கத்துத் தெருக்காரன் வந்து பத்து நிமிஷத்துல அடிச்சுக் குடுத்துட்டுப் போறான். நீ காட்டினியே, அது ஒண்ணுதான் அவருக்குப் பிடிபடல."

"அவர்கிட்ட சொல்ல வேண்டியதுதானே அக்கா."

"அவங்க அண்ணனுக்கும் இதே வியாதி. கப்பல்ல இருந்தவருதான் அவரும். டாக்டர் நேருக்கு நேரா சொன்னாரு, இனிமே உங்களால தனியா எதுவும் முடியாதுன்னு. வீட்டுக்கு வந்து சாப்பிட்டாரு, நல்லாப் பேசினாரு. மறுநாள் காலைல கடல்லேந்து எடுத்தாங்க. அன்னிக்கே இவரு சொன்னாரு, எனக்கு வந்தா நானும் இதைத்தான் செய்வேன், ஒருத்தர் கையைப் பிடிச்சு நடக்க மாட்டேன்னு. நான் எப்படிம்மா சொல்லுவேன்?"

இதைக் கேட்டும் என் மனம் இளகவில்லை. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. எனக்குள் அப்போது ஓடிக்கொண்டிருந்தது அந்த ஆறு பேரின் சிரிப்பு மட்டும்தான்.

"ஊரே என்னைப் பாத்து சிரிச்சப்ப நீங்க தட்டைப் புடிச்சுட்டு நின்னீங்க. ஒரு வார்த்தை சொல்லல."

"தப்புதான். உன் பேரு போனா மறுபடி வந்துரும்மா. நாளைக்கு ஏரிக்கரைப் பக்கம் போகலாம்னு கிளம்புறாரு. எதையாவது வெட்டி விடு. நானே வெட்டுவேன், எதை வெட்டினா என்ன ஆகும்னு தெரியல, தப்பா வெட்டிட்டா என்ன பண்றது?"

"என் கையால போட்டதை என் கையாலயே கெடுக்கச் சொல்றீங்க. மறுபடியும் நானே வந்து எல்லார் முன்னாடியும் நிக்கணும். முடியாது அக்கா. நீங்க மொதல்ல அவர்கிட்ட உண்மையைச் சொல்லுங்க."

அக்கா எழுந்தார். "நான் பக்கத்துல உக்காந்துக்கறேன். அவ்வளவுதான் முடியும்" என்று சொல்லிவிட்டு, வந்த வழியே வெயிலில் நடந்து போனார்.

பின்னாலிருந்து என் வீட்டுக்காரர் மூக்கில் கட்டிய துணியை அவிழ்த்துக்கொண்டே வந்தார். அவர் எல்லாவற்றையும் கேட்டிருந்தார். "போய் வெட்டி விட்டுட்டு வா" என்றார். நான் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பினேன். ஆனால் மறுநாள் காலை ஏழு மணிக்குக் கட்டரைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

கார் ஏற்கெனவே வாசலுக்கு வெளியே நின்றிருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, ஓடுகிறதா என்று காது கொடுத்துக் கேட்க வேண்டியிருந்தது. கேப்டன் ஸ்டீயரிங்கில், பக்கத்தில் அக்கா. என்னைப் பார்த்ததும் கேப்டனின் முகம் மலர்ந்தது.

"மெக்கானிக்கம்மா, நல்ல நேரத்துல வந்த. அன்னிக்குச் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கறேன். இந்த வண்டி புதுசா இருந்தப்பகூட இப்படி ஓடினதில்ல. ஏறு பின்னாடி. உன் வேலையை நீயே உக்காந்து கேளு."

பானட்டைத் திறக்கச் சொல்லி, ஒரே ஒரு ஹோஸை வெட்டியிருக்கலாம். என்ன சாக்கு வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். அதற்காகத்தான் போயிருந்தேன். ஆனால் அந்த வார்த்தைக்காக நான் ஒரு மாதம் காத்திருந்தேன். ஒருவேளை இருபத்திரண்டு வருடம். நானும் கூட இருந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். அக்கா திரும்பி என் பையைப் பார்த்தார், அதில் கட்டர் இருப்பதை அவர் கண்டுகொண்டார் என்று நினைக்கிறேன். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நன்றாகத்தான் ஓட்டினார். ஊரைத் தாண்டி ஏரிக்கரைச் சாலையில் ஏறினோம். ஒரு பக்கம் மேடு, இன்னொரு பக்கம் முழங்கால் உயரத்துக்குக் கல் கட்டு, அதற்குக் கீழே தண்ணீர். கேப்டன் ஒரு சரக்குக் கப்பலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார், மூடுபனியில் அதை எப்படி உள்ளே கொண்டுவந்தார் என்று. "அப்ப கயிறு போடறவன் என்ன பண்ணான் தெரியுமா, அவன் நேரா" என்றார். அதோடு பேச்சு நின்றது.

யோசிக்கிறார் என்று நினைத்தேன். கண்ணாடியில் அவர் கண்களைப் பார்த்தேன். திறந்திருந்தன. உதடுகள் மட்டும் எதையோ மெல்லச் சப்புவது போல அசைந்தன. ஆக்சிலேட்டரில் இருந்த கால் அப்படியே இறங்கியது. எஞ்சின் சத்தம் ஒரே சீராக ஏறியது, ஒரு இருமல் இல்லை, ஒரு தயக்கம் இல்லை. சாலை வளைந்தது, கார் வளையவில்லை.

அக்கா ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்துத் திருப்பினார், மறு கையால் ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். இதை அவர் மனதுக்குள் நூறு தடவை ஒத்திகை பார்த்திருக்க வேண்டும். நான் இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே பாய்ந்து சாவியைத் திருப்பினேன். கார் இழுத்துக்கொண்டே போய், கல் கட்டில் லேசாக உரசி நின்றது.

மூன்று பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கேப்டன் கண்ணைச் சிமிட்டினார். சுற்றிப் பார்த்தார். எஞ்சின் ஓடவில்லை என்பதைத்தான் முதலில் கவனித்தார்.

"மறுபடியும் நின்னுருச்சா?" என்னைத் திரும்பிப் பார்த்தார். "நான் பாராட்டினது கண்ணு பட்டுருச்சு போல. என்ன இருந்தாலும் பொம்பளை கை."

அக்கா கையைப் பின்னால் நீட்டி என் முழங்காலைத் தொட்டார். "வேண்டாம்மா" என்றார், மிக மெதுவாக. எனக்குக் கேட்டது. ஆமா சார், என் தப்புதான் என்று ஒரே ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். காரைக் கட்டி இழுத்து என் ஷெட்டில் கொண்டுபோய் நிறுத்தி, பார்ட்ஸ் கிடைக்கவில்லை என்று வருடக்கணக்கில் இழுத்தடித்திருக்கலாம்.

"எஞ்சின் நிக்கல சார்" என்றேன். "நான்தான் நிறுத்தினேன். உங்களுக்கு நினைவு போயிடுச்சு. கண்ணைத் திறந்துட்டே போயிட்டீங்க, ஏரிக்குள்ள இறங்கிருப்போம். எட்டு மாசமா உங்களுக்கு இப்படி வருது. டாக்டர் ஓட்டக் கூடாதுன்னு சொல்லிருக்காரு. அந்த ஹோஸை மாத்தி மாத்திப் போட்டது அக்கா, உங்களைக் காப்பாத்த. என் வேலையில ஒரு குறையும் இல்ல, அன்னிக்கும் இல்ல, இன்னிக்கும் இல்ல."

நான் சொன்னது அத்தனையும் உண்மை.

கேப்டன் கல் கட்டுக்கு அப்பால் தண்ணீரைப் பார்த்தார். பிறகு அக்காவிடம் கேட்டார். "அண்ணனுக்கு வந்ததா?"

"ஆமாங்க."

"மாத்திரை?"

"அதுக்குத்தான்."

தலையை ஆட்டினார். அவர் முகத்தில் கோபம் இல்லை. அது என்னை ஏமாற்றிவிட்டது. பெரிய மனிதர், தாங்கிக்கொண்டார் என்று நினைத்தேன். அவர் சாவியைத் திருப்பினார், தொட்டதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. காரைக் கொஞ்சம் பின்னால் எடுத்து, கல் கட்டிலிருந்து விலக்கி நிறுத்தினார்.

"நான் மெதுவா வீட்டுக்குத் திருப்பறேன். பின்னால ஏதோ உரசற சத்தம் வருதும்மா. டயர்ல மட்கார்டு மாட்டியிருக்கா பாரு."

சத்தம் என்று யாராவது சொன்னால் என்னால் உட்கார முடியாது. கதவைத் திறந்து, பையோடு இறங்கினேன், பின்னால் போய்க் குனிந்தேன். டயர் நன்றாக இருந்தது. மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் என் கையே நுழையும். நிமிர்ந்தபோது பின்கண்ணாடி வழியாக இரண்டு தலைகள் தெரிந்தன. அவர் ஏதோ சொன்னார். அக்கா இல்லை என்று தலையசைத்தார். அவர் மறுபடியும் சொன்னார், அக்காவின் பக்கம் இருந்த கதவைக் கையால் காட்டினார். அக்கா மறுபடியும் தலையசைத்துவிட்டு, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, நேராக உட்கார்ந்தார்.

கார் கிளம்பியது. வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. நான் கத்தினேன், பையிலிருந்த கட்டரைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன், எதை வெட்ட என்று தெரியவில்லை. வளைவில் கார் மறைந்துவிட்டது. சத்தம் மட்டும் கேட்டது. எஞ்சின் ஏறிக்கொண்டே போனது. நின்றுவிடு, நின்றுவிடு என்று நான் கெஞ்சினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக என் கைபட்ட எஞ்சின் நின்றுபோக வேண்டும் என்று வேண்டினேன். அது ஒரு இடத்திலும் திக்கவில்லை. கடைசியில் நின்றபோது ஒரேயடியாக நின்றது, அதற்குப் பிறகு தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

ஐந்தாம் நாள் என்னை ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். பின்பக்கம் காலி இடத்தில் காரைக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். முன்பக்கம் முழுவதும் நசுங்கி, பானட் கிழிந்து, கரும்பச்சையெல்லாம் சேறு. வண்டியைச் சோதிக்க வந்த இன்ஸ்பெக்டர் கையில் காகிதத்தோடு எஞ்சினுக்குள் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிரேக் சரி, ஸ்டீயரிங் சரி, எஞ்சின் சரி, இடிப்பதற்கு முன் வண்டியில் எந்தக் கோளாறும் இல்லை என்று எழுதிக்கொண்டார். பிறகு ஒரு ஹோஸைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்.

"இத்தனை இடியிலயும் ஒண்ணுகூட கழரல. அளந்து போட்டிருக்கான். இவ்வளவு சுத்தமா யாரும்மா பண்ணது, உங்க ஷெட் மெக்கானிக்கா?"

நான்தான் சார் என்றேன்.